தொலைநோக்கியின் பாதி நிரலில் இருக்கிறது

இருபது ஆண்டுகளுக்கு முன் தட்டச்சு செய்த தமிழ்க் கோப்பு ஒன்றை இன்றைய கணினியில் திறந்து பார்த்திருக்கிறீர்களா? கோப்பு பத்திரமாக இருக்கும். ஓர் எழுத்தும் அழிந்திருக்காது. ஆனால் திரையில் தெரிவதெல்லாம் பொருளற்ற ரோமன் எழுத்துகளும் நிறுத்தற்குறிகளும்தான். எழுதியவர் பாமினி போன்ற ஓர் எழுத்துருவை வைத்திருந்தார். நம் கணினியில் அது இல்லை. கட்டுரை பாதி கோப்பிலும் பாதி எழுத்துருவிலுமாக இருந்திருக்கிறது. நாம் பாதியை மட்டும் பாதுகாத்தோம்.

நிரல்களின் கதையும் இதேதான். நண்பரின் கணினியில் ஓடுகிற நிரலை நம் கணினியில் ஏற்றினால், ஏதோ ஒரு கோப்பைக் காணவில்லை என்று சொல்லி நின்றுவிடுகிறது. போன மாதம்வரை ஒழுங்காக ஓடியது, இயங்குதளத்தைப் புதுப்பித்த மறுநாள் ஓடவில்லை. ஒரே நிரல் இயந்திரத்துக்கு இயந்திரம் ஏன் இப்படி நடந்துகொள்கிறது?

வீட்டில் இது வெறும் எரிச்சல். ரேடியோ வானியலில் இது ஒரு கண்டுபிடிப்பை நம்பலாமா வேண்டாமா என்பதையே தீர்மானிக்கும் கேள்வி. அங்கே வானத்தின் படம் என்பதே ஒரு நிரல் கணக்கிட்டுத் தரும் விடை.

டிஷ்கள் அளப்பது எதை?

தென்னாப்பிரிக்காவின் வடக்கு கேப் மாகாணத்தில், கார்னார்வன் என்ற சிற்றூரைத் தாண்டி, கரூ என்னும் வறண்ட சமவெளியில் நிற்கிறது மீர்கேட் தொலைநோக்கி. ஒவ்வொன்றும் 13.5 மீட்டர் அகலமுள்ள 64 டிஷ்கள். 2018 ஜூலை 13 அன்று அது முறையாகத் தொடங்கிவைக்கப்பட்டபோது, நமது பால்வெளி மண்டலத்தின் மையப்பகுதியை அது எடுத்த படத்தையும் வெளியிட்டார்கள். ஒளிரும் இழைகளும் குமிழ்களுமாக நாளிதழ்களில் வந்த அந்தப் படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள்.

அந்த 64 டிஷ்களில் ஒன்றுகூடத் தனியாகப் படம் எடுக்கவில்லை. இரண்டு இரண்டு டிஷ்களாகச் சேர்த்து, அவற்றுக்கு வந்த ரேடியோ அலைகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று அளக்கிறார்கள். இந்த முறைக்குக் குறுக்கீட்டுமானம் என்று பெயர். 64 டிஷ்களில் 2016 இணைகள் உண்டு. மிக நெருங்கிய இணைக்கு இடையே 29 மீட்டர், மிக விலகிய இணைக்கு இடையே 7.7 கிலோமீட்டர். நெருங்கிய இணைக்கு வானத்தின் அகலமான வடிவங்கள் தெரியும்; விலகிய இணைக்கு நுண்ணிய விவரங்கள் தெரியும். பூமி சுழலச் சுழல ஒவ்வோர் இணையும் வானத்தைப் பார்க்கும் கோணம் மாறும்; புதுப்புது விவரங்கள் சேரும். ஓர் இணை ஒரு நேரத்தில் ஓர் அலைவெண்ணில் தரும் எண்ணை இந்த அத்தியாயத்தில் ‘இணையளவு’ என்று அழைப்போம்.

இணையளவுகள் எவ்வளவு சேரும்? மீர்கேட்டில் வழக்கமான ஓர் அமைப்பு, அலைவெண் பட்டையை 4096 தடங்களாகப் பிரித்து, 8 நொடிக்கு ஒருமுறை பதிவு செய்வது. 2016 இணைகள், 4096 தடங்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு முனைவாக்கச் சேர்க்கைகள் (முனைவாக்கம் என்பது அலை அதிரும் திசை; ஒவ்வொரு டிஷ்ஷும் இரண்டைப் பதிவு செய்யும்): ஒரே பதிவில் 3 கோடியே 30 லட்சம் இணையளவுகள். ஒன்றுக்கு 8 பைட் வீதம் 264 மெகாபைட். ஒரு மணி நேரத்தில் சுமார் 119 ஜிகாபைட். ஓர் இரவு எட்டு மணி நேரம் பார்த்தால் ஒரு டெராபைட்டை நெருங்கிவிடும். எடைகள், குறிப்புகள் ஆகியவற்றை இதில் இன்னும் சேர்க்கவில்லை.

இந்த எண் கடலிலிருந்து படம் வர வேண்டும். முதலில் விமானம், செயற்கைக்கோள், கைபேசிக் கோபுரம் ஆகியவற்றின் குறுக்கீட்டைக் களையெடுக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு டிஷ்ஷின் கோளாறையும் கணக்கிட்டு நீக்க வேண்டும், இது அளவுத்திருத்தம். பிறகு இணையளவுகளைப் படமாக மாற்ற வேண்டும். 64 டிஷ்கள் தரையில் விட்ட இடைவெளிகளால் அந்தப் படத்தில் ஒவ்வொரு பிரகாசமான புள்ளியைச் சுற்றியும் பொய்யான வளையங்கள் தோன்றும். அவற்றைப் படிப்படியாகக் கழித்தெடுக்கும் வழியை யான் ஹொக்போம் 1974-இல் வெளியிட்டார். இன்றும் அதன் வாரிசுகள்தாம் புழக்கத்தில் உள்ளன. ஒவ்வொரு படியும் ஒரு தனி நிரல். பெரும்பாலும் வெவ்வேறு நாட்டில், வெவ்வேறு ஆள், வெவ்வேறு காலத்தில் எழுதியது.

தொலைநோக்கியின் பாதி கரூவில் நிற்கிறது. மறு பாதி இந்த நிரல்களில் இருக்கிறது. டிஷ்ஷின் திருகாணியைப் பராமரிக்கும் அதே அக்கறையோடு நிரலையும் பராமரிக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இவ்வளவு எளிய உண்மையை வானியல் உலகம் ஏற்பதற்குப் பல ஆண்டுகள் ஆயின.

ஒரு நிரலுக்குப் பின்னால் எத்தனை நிரல்கள்

படமாக்கும் நிரல்களில் இன்று பரவலாகப் புழங்குவது டபிள்யூஎஸ்கிளீன். நெதர்லாந்து வானியலாளர் ஆந்த்ரே ஆஃப்ரிங்காவும் சகாக்களும் 2014-இல் வெளியிட்டது. இதை மூல நிரலிலிருந்து உருவாக்க உட்கார்ந்தால் அது தனியாக வராது. இணையளவுக் கோப்பைப் படிக்கக் காஸாகோர் வேண்டும். வானியல் படக் கோப்பை எழுத ஒரு நிரலகம், கணிதத்துக்கு இரண்டு மூன்று, பெரிய தரவைக் கையாள இன்னொன்று. நிரலகம் என்பது பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் ஆயத்தக் குறிமுறைத் தொகுப்பு. அந்த நிரலகங்களுக்கும் சொந்தத் தேவைகள் உண்டு. பதிப்பு எண்ணும் பொருந்த வேண்டும். அளவுத்திருத்த நிரல் காஸாகோரின் பழைய பதிப்பைக் கேட்கும், படமாக்கும் நிரல் புதியதைக் கேட்கும். இரண்டையும் ஒரே கணினியில் வைப்பதற்குள் ஒரு முனைவர் பட்ட மாணவரின் வாரங்கள் கரைந்துவிடும்.

இதோடு காலமும் சேர்ந்துகொள்கிறது. வானியல் நிரல்களில் பெரும்பகுதி பைத்தான் மொழியின் இரண்டாம் பதிப்பில் எழுதப்பட்டிருந்தது. 2020 ஜனவரி 1-உடன் அந்தப் பதிப்புக்கான ஆதரவு முடிந்தது. புதிய இயங்குதளங்கள் அதைக் கைவிட்டன. புணேக்கு வடக்கே, நாராயண்காவ் அருகில் உள்ள நமது ஜிஎம்ஆர்டி தொலைநோக்கியின் 150 மெகாஹெர்ட்ஸ் வான ஆய்வை மறுபடி கணக்கிட்டு 2017-இல் வெளியிட்டார்கள். அந்தக் கணக்கைப் போட்டது ஹூயிப் இன்டெமா எழுதிய ஸ்பாம் என்ற நிரல். அது பழைய பைத்தானையும், 1970-களின் இறுதியில் அமெரிக்காவில் தொடங்கிய எய்ப்ஸ் என்ற பெருந்தொகுப்பையும் நம்பி நிற்கிறது. ஜிஎம்ஆர்டி தரவுக்கு இன்றும் அது மதிப்புமிக்க நிரல். புதிய கணினியில் அதை உட்கார வைப்பதுதான் பாடு.

இந்தச் சிக்கலுக்கு முதலில் வந்த நல்ல மருந்து, கெர்ன் என்ற தொகுப்பு. கைஸ் மோலினார் முன்னின்று உருவாக்கியது. உபுண்டு இயங்குதளத்தின் நீண்டகாலப் பதிப்பு ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அதில் ரேடியோ வானியல் நிரல்களையெல்லாம் ஒன்றோடொன்று பொருந்தும் பதிப்புகளாகக் கட்டிக் கொடுத்தார்கள். பலருக்கு அது வரமாக இருந்தது. ஆனால் அந்த உபுண்டுவே வேண்டும். வேறு கணினிக்காரர் என்ன செய்வார்?

சுவரை நகர்த்தும் வித்தை

நிரலைத் தேவைகளோடு சேர்த்தே பொதிந்து அனுப்பிவிடலாம் என்பதே கொள்கலன் என்னும் யோசனை. கணினிக்காரர்கள் கன்டெய்னர் என்பார்கள். நிரல், அதற்கு வேண்டிய நிரலகங்கள், சரியான பைத்தான், அமைப்புக் கோப்புகள் எல்லாம் ஒரே பொதியில். பொதி எங்கே போனாலும் நிரல் தன் சொந்தச் சூழலிலேயே கண்விழிக்கும்.

முழுக் கணினியையே போலியாக இன்னொரு கணினிக்குள் ஓட்டுவது பழைய வழி. அதற்கு மெய்நிகர் இயந்திரம் என்று பெயர். கொள்கலன் அவ்வளவு தூரம் போவதில்லை. பழைய ஒண்டுக்குடித்தன வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனி அடுப்படி, தனிப் பாத்திரம், தனிப் பூட்டு. கிணறு மட்டும் எல்லோருக்கும் ஒன்று. கொள்கலன்களுக்குப் பொதுவான அந்தக் கிணறு, லினக்ஸின் ‘கெர்னல்’ எனப்படும் உட்கரு. வன்பொருளோடு நேரடியாகப் பேசுவது அதுதான். கோப்புகள், நிரலகங்கள், பயனர் பட்டியல் எல்லாம் தனித்தனி. மெய்நிகர் இயந்திரமோ குடித்தனத்துக்கு ஒரு கிணறு வெட்டுவது. பாதுகாப்பு அதிகம், செலவும் அதிகம்.

இதற்கான கருவிகள் ஒரே நாளில் வரவில்லை. ஒரு நிரலுக்கு வட்டின் ஒரு மூலையை மட்டும் முழு வட்டாகக் காட்டும் வசதி 1979-இன் யூனிக்ஸிலேயே இருந்தது. 2002 முதல் லினக்ஸ் உட்கருவில் ‘பெயர்வெளி’ வசதிகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. ஒரு நிரலின் கண்ணுக்கு எந்தக் கோப்புகள், எந்த இயக்கங்கள் தெரிய வேண்டும் என்பதை அவை வரையறுக்கும். 2008-இல் நினைவகத்துக்கும் செயலிக்கும் உச்சவரம்பு போடும் வசதி வந்தது. இவற்றையெல்லாம் ஒரே கட்டளைக்குள் அடக்கி, 2013 மார்ச்சில் டாக்கர் வெளிவந்தது. இரண்டே ஆண்டுகளில் வானியலாளர்களும் அதைக் கையில் எடுத்துவிட்டார்கள்.

பொதிந்து வைத்த, இன்னும் ஓடாத கொள்கலனை டாக்கர் உலகில் இமேஜ் என்பார்கள். நமக்கு வானத்தின் படம் வேறு இருப்பதால் குழப்பம் வரும். இங்கே அதை ‘வார்ப்பு’ என்று சொல்வோம். ஒரே வார்ப்பிலிருந்து எத்தனை கொள்கலன் வேண்டுமானாலும் எழுப்பலாம். வார்ப்பு அடுக்கடுக்காக இருக்கும்: கீழே இயங்குதளம், மேலே நிரலகங்கள், உச்சியில் நிரல். பத்து வார்ப்புகளுக்குக் கீழடுக்கு பொதுவாக இருந்தால் அது வட்டில் ஒருமுறைதான் இடம் பிடிக்கும். வானியல் நிரலின் வார்ப்பு சில ஜிகாபைட் வருவது சாதாரணம் என்பதால் இந்தச் சிக்கனம் பெரிய உதவி.

ஸ்டிமேலாவை நிறுவுதல்

தென்னாப்பிரிக்காவின் மக்காண்டா நகரில் உள்ள ரோட்ஸ் பல்கலைக்கழகத்து ரேடியோ வானியல் குழுவிலிருந்து வந்தது, வானியல் நிரல்களைக் கொள்கலன்களில் வரிசையாக ஓட்டும் ஸ்டிமேலா. ஸ்ஃபெசிஹ்லே மக்காதினி தொடங்கிய வேலை. அதன் இரண்டாம் தலைமுறையை ஒலெக் ஸ்மிர்னோவ் தலைமையில் எழுதினார்கள். பெயருக்கு ரயில் என்று பொருள்.

ஸ்டிமேலா தானாக எந்த வானியல் கணக்கும் போடாது. எந்த நிரல், எந்த வரிசையில், எந்த உள்ளீட்டோடு ஓட வேண்டும் என்று எழுதிவைத்த ஒரு ‘செய்முறை’யைப் படித்து, ஒவ்வொரு படியையும் அதற்குரிய கொள்கலனில் ஓட்டும். ஒரு நிரலைப் பற்றிய விவரக்குறிப்பை அவர்கள் ‘கேப்’ என்கிறார்கள். நிரலின் பெயர், வார்ப்பின் பெயர், என்னென்ன உள்ளீடு, எது கட்டாயம், எது எண், எது கோப்பு, என்ன வெளியீடு: அவ்வளவுதான் ஒரு கேப்.

ஒரு லினக்ஸ் மடிக்கணினியில் நிறுவும் வேலை கொஞ்சமே. முதலில் கொள்கலனை ஓட்டும் இயந்திரம் ஒன்று வேண்டும். வானியலில் டாக்கரைவிட ஆப்டெய்னர் பொருத்தம், காரணத்தைப் பின்னால் பார்ப்போம். அடுத்து ஸ்டிமேலாவுக்கென்று தனிப் பைத்தான் சூழல் ஒன்றை உருவாக்கி, அதற்குள் பைத்தான் நிரல்களை நிறுவும் பிப் கட்டளையால் ஸ்டிமேலாவையும் கல்ட்-கார்கோவையும் இறக்க வேண்டும். கல்ட்-கார்கோ என்பது புழக்கத்தில் உள்ள வானியல் நிரல்களுக்கான ஆயத்தக் கேப்களின் களஞ்சியம். டபிள்யூஎஸ்கிளீனை நாம் நிறுவுவதே இல்லை, காஸாகோரையும் தொடுவதில்லை. செய்முறையில் அந்தப் படி முதன்முறை வரும்போது வார்ப்பு இணையத்திலிருந்து இறங்கிக்கொள்ளும். ஆகவே முதல் ஓட்டம் மெதுவாக இருக்கும். நிரல் உறைந்துவிட்டது என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள்.

விடை தெரிந்த கணக்கு

நிறுவியது சரிதானா என்று எப்படித் தெரியும்? உண்மையான தரவைக் கொடுத்தால் ஒரு படம் வரும். அது சரியான படமா என்று சொல்ல நம்மிடம் எதுவும் இல்லை. அதனால் முதலில் விடை தெரிந்த கணக்கு ஒன்றைப் போட வேண்டும்: நாமே ஒரு சிறு வானத்தை உருவாக்கி, மீர்கேட் அதைப் பார்த்தால் என்ன பதிவாகும் என்று கணக்கிட்டு, அந்தப் பதிவிலிருந்து வானத்தைத் திரும்ப எடுத்துப் பார்ப்பது.

நமது வானம் மிகவும் எளிது. மூன்றே புள்ளிகள். நடுவில் ஒன்று, 10 மில்லிஜான்ஸ்கி பிரகாசம். அதிலிருந்து 10 வில்நிமிடம் தள்ளி வடக்கே 5 மில்லிஜான்ஸ்கியில் ஒன்று. 20 வில்நிமிடம் தள்ளிக் கிழக்கே 1 மில்லிஜான்ஸ்கியில் மூன்றாவது. ஜான்ஸ்கி என்பது ரேடியோ பிரகாசத்தின் அலகு. பால்வெளியின் மையத்திலிருந்து ரேடியோ அலை வருவதை 1930-களில் கண்டறிந்த கார்ல் ஜான்ஸ்கியின் பெயர். மூன்று புள்ளிகளையும் வெவ்வேறு திசையில் வைத்ததற்குக் காரணம் உண்டு, சற்றுப் பொறுங்கள்.

செய்முறையில் நான்கு படிகள். முதல் படி, சிம்ஸ் என்ற நிரல். 64 டிஷ்கள் நிற்கும் இடங்கள் அதற்குத் தெரியும். வானத்தில் எந்தத் திசை, எவ்வளவு நேரம், எத்தனை தடம் என்று சொன்னால் வெற்றுப் பதிவேடு ஒன்றைத் தயாரிக்கும். ஒரு மணி நேரம், 10 நொடிக்கு ஒரு பதிவு, தலா ஒரு மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 16 தடங்கள் என்று கேட்போம். 360 பதிவுகளை 2016 இணைகளால் பெருக்கினால் 7,25,760 வரிகள். 16 தடங்களோடு 1 கோடியே 16 லட்சம் அளவுகள். நான்கு முனைவாக்கச் சேர்க்கையும் சேர்த்து 370 மெகாபைட். மூலத்தரவு, மாதிரி, திருத்தியது என்று மூன்று நெடுவரிசைகள் வைத்தாலும் ஒரு ஜிகாபைட்டைச் சற்றுத் தாண்டும். மடிக்கணினி தாங்கும்.

இரண்டாம் படியில் மூன்று புள்ளிகளின் அலைகளையும் அந்த வெற்றேட்டில் நிரப்பி, அதன்மேல் இரைச்சலைக் கலக்கிறோம். மீர்கேட்டின் ஒரு டிஷ்ஷுக்கு இரைச்சல் அளவை சுமார் 400 ஜான்ஸ்கி என்று வைத்துக்கொள்ளலாம். 10 நொடியும் ஒரு மெகாஹெர்ட்ஸும் சேர்ந்து அதைச் சராசரியாக்கும்போது ஒவ்வோர் இணையளவிலும் 0.09 ஜான்ஸ்கி இரைச்சல் மிஞ்சும்.

இந்த இடத்தில் நிற்க வேண்டும். நமது மிகப் பிரகாசமான புள்ளியே 0.01 ஜான்ஸ்கிதான். ஒவ்வோர் அளவிலும் இரைச்சல் அதைப் போல ஒன்பது மடங்கு. எந்த ஒரு வரியை எடுத்துப் பார்த்தாலும் புள்ளி இருப்பதற்கான தடயமே தெரியாது. ஆனால் இரைச்சல் ஒவ்வொரு வரியிலும் தன் போக்கில் ஏறி இறங்கும். புள்ளியின் பங்கு எல்லா வரியிலும் ஒழுங்காக ஒத்துப்போகும். அளவுகளைக் கூட்டிக்கொண்டே போனால் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப இரைச்சல் தேயும். இரண்டு முனைவாக்கங்களையும் சேர்த்து நம்மிடம் 2 கோடியே 32 லட்சம் அளவுகள். அதன் வர்க்கமூலம் சுமார் 4800. 0.09-ஐ 4800-ஆல் வகுத்தால், படத்தில் எதிர்பார்க்க வேண்டிய இரைச்சல் ஏறத்தாழ 19 மைக்ரோஜான்ஸ்கி. 10 மில்லிஜான்ஸ்கி புள்ளி அதைப் போல ஐந்நூறு மடங்கு உயரத்தில் நிற்கும். மங்கலான மூன்றாவது புள்ளிகூட ஐம்பது மடங்கு. ரேடியோ வானியலின் மொத்த வலிமையும் இந்த ஒரு வகுத்தலில் இருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை.

மூன்றாம் படி, டபிள்யூஎஸ்கிளீன். 21 சென்டிமீட்டர் அலையில் 7.7 கிலோமீட்டர் விரிந்த மீர்கேட்டின் கூர்மை சுமார் 6 வில்நொடி. படப்புள்ளி ஒன்றை 1.5 வில்நொடி என்று வைத்து, பக்கத்துக்கு 2400 படப்புள்ளிகள் கேட்டால் சரியாக ஒரு டிகிரி அகலப் படம் கிடைக்கும். மூன்று புள்ளிகளும் உள்ளே அடங்கும். எல்லா அளவுகளுக்கும் சம எடை கொடுக்கச் சொல்வோம். கூர்மை சற்றுக் குறையும், ஆனால் மேலே போட்ட இரைச்சல் கணக்கு அப்போதுதான் பொருந்தும். நான்காம் படியில் படத்திலிருந்து புள்ளிகளைத் தானாகக் கண்டெடுக்கும் பைபிடிஎஸ்எஃப் என்ற நிரல், இடமும் பிரகாசமும் கொண்ட ஒரு பட்டியலைத் தரும்.

ஸ்டிமேலா ரன் என்று ஒரு கட்டளை. முதல் நிரலைத் தொடுவதற்கு முன்பே ஸ்டிமேலா செய்முறை முழுவதையும் சோதிக்கும். எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து இருந்தாலும், கட்டாய உள்ளீடு விடுபட்டிருந்தாலும், கேப்பில் இல்லாத பெயர் ஒன்றை நாம் எழுதியிருந்தாலும் அப்போதே நிறுத்திவிடும். எட்டு மணி நேரம் ஓடிய பிறகு ஒன்பதாம் படியில் எழுத்துப்பிழை ஒன்றால் எல்லாம் வீணாகும் துயரம் இதனால் தவிர்க்கப்படுகிறது. எனக்கு ஸ்டிமேலாவில் மிகப் பிடித்தது இதுதான்.

வந்த பட்டியலை நாம் போட்ட வானத்தோடு ஒப்பிட வேண்டும். எல்லாம் பொருந்தினால் நிறுவல் சரி. பொருந்தாவிட்டால் பிழையின் வடிவமே காரணத்தைச் சொல்லும். கிழக்கில் வைத்த புள்ளி மேற்கில் தோன்றினால், அலைகளை நிரப்பிய நிரலும் படமாக்கிய நிரலும் திசைக்குறியை வெவ்வேறு மரபில் வைத்திருக்கின்றன. மூன்றையும் வடக்கு-தெற்காக ஒரே கோட்டில் வைத்திருந்தால் இது கண்ணில் படாமலேயே போயிருக்கும். எல்லாப் பிரகாசமும் சரியாகப் பாதியாகவோ இரட்டிப்பாகவோ வந்தால், இரண்டு முனைவாக்கங்களைக் கூட்டுவதா சராசரி எடுப்பதா என்பதில் கருத்து வேறுபாடு. இரைச்சல் 19-க்குப் பதில் 27 மைக்ரோஜான்ஸ்கி வந்தால் ஒரு முனைவாக்கம் கணக்கில் சேரவில்லை. 27 என்பது 19-ஐ இரண்டின் வர்க்கமூலத்தால் பெருக்கியது.

எங்கே இடறும்

கொள்கலன் எல்லாத் தொல்லையையும் தீர்த்துவிடும் என்று நினைக்க வேண்டாம். அதற்கென்று சொந்தத் தொல்லைகள் உண்டு, அவற்றின் அறிகுறிகள் தெரிந்திருந்தால் பல நாள் மிச்சம்.

முதலாவது, உரிமை. டாக்கர் பின்னணியில் நிர்வாகி அதிகாரத்தோடு ஓடும் ஒரு சேவையை நம்பியிருக்கிறது. நூற்றுக்கணக்கானோர் பகிரும் மீக்கணினியில் அந்த அதிகாரத்தை யாருக்கும் தர மாட்டார்கள். இதற்காகவே லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கிரெகரி கர்ட்சர் தொடங்கியது சிங்குலாரிட்டி. 2021-இல் லினக்ஸ் அறக்கட்டளைக்குள் சென்று ஆப்டெய்னர் என்று பெயர் மாறியது. இதில் வார்ப்பு முழுவதும் ஒரே கோப்பு. ஓட்டுகிறவருக்கு என்ன உரிமையோ கொள்கலனுக்கும் அதே உரிமைதான். கேப் டவுனில் மீர்கேட் தரவை ஆராய்வோர் பயன்படுத்தும் இலிஃபு கணினி மையமும் இவ்வகைக் கொள்கலன்களை நம்பியே இயங்குகிறது.

இதற்கும் ஒரு கசிவு உண்டு. ஆப்டெய்னர் இயல்பாகவே உங்கள் வீட்டுக் கோப்புறையைக் கொள்கலனுக்குள் காட்டும். நீங்கள் எப்போதோ அங்கே நிறுவிவைத்த பைத்தான் நிரலகம், கொள்கலனுக்குள் இருக்கும் சரியான பதிப்பை முந்திக்கொண்டு நுழைந்துவிடும். உங்களுக்கு மட்டும் ஓடாது, பக்கத்து இருக்கைக்காரருக்கு அதே வார்ப்பு ஓடும் என்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

டாக்கரில் ஓடும் அளவுத்திருத்த நிரல் ‘பஸ் பிழை’ என்று சொல்லிச் சட்டென்று இறந்தால், பகிர்வு நினைவகம் போதவில்லை என்று பொருள். பல இயக்கங்கள் ஒரே தரவைச் சேர்ந்து தொட உதவும் அந்த நினைவகத்துக்கு டாக்கர் இயல்பாக 64 மெகாபைட்தான் ஒதுக்கும். கியூபிகல் போன்ற அளவுத்திருத்த நிரல்கள் ஜிகாபைட் கணக்கில் கேட்கும். ஓட்டும்போதே அளவைக் கூட்டிச் சொன்னால் தீர்ந்தது.

‘செல்லாத ஆணை’ என்று நின்றால் காரணம் வேறு. வார்ப்பைக் கட்டியவர் தன் புதிய செயலிக்கு மட்டும் தெரிந்த வேகமான ஆணைகளோடு கட்டியிருப்பார். உங்கள் பழைய செயலிக்கு அவை தெரியாது. கிணறு ஒன்றுதான் என்று முன்பே பார்த்தோம்: உட்கருவும் செயலியும் பொதிக்குள் வருவதில்லை. ஆப்பிளின் புதிய மடிக்கணினிகளில் செயலியின் குடும்பமே வேறு என்பதால், இன்டெல் வகைச் செயலிக்குக் கட்டிய வார்ப்பு மொழிபெயர்ப்பு அடுக்கின் வழியாக நத்தை வேகத்தில் ஓடும். பிறருக்குக் கொடுக்கும் வார்ப்பை ஒரே குடும்பத்தின் எந்தச் செயலியும் தாங்கும் பொதுவடிவில் கட்ட வேண்டும். கொஞ்சம் வேகம் போகும், போகட்டும்.

கடைசியாக, பெயர்ச்சீட்டு. வார்ப்புகளுக்கு ‘அண்மையது’ என்று சீட்டு ஒட்டுவது வழக்கம். இன்று அந்தச் சீட்டு குறிக்கும் வார்ப்பு வேறு, அடுத்த ஆண்டு குறிப்பது வேறு. ஆய்வுக்கட்டுரைக்குப் போகும் கணக்கில் பதிப்பு எண்ணையோ, வார்ப்பின் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிடப்படும் நீண்ட கைரேகை எண்ணையோதான் எழுத வேண்டும். சீட்டை மட்டும் எழுதி வெளியிடும் கட்டுரையை, கொள்கலன் பயன்படுத்தாத கட்டுரையாகவே நான் எண்ணுவேன்.

நமக்கென்று ஒரு கேப்

களஞ்சியத்தில் இல்லாத வேலை ஒன்று வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். களையெடுப்பு முடிந்த பிறகு ஒவ்வொரு டிஷ்ஷின் தரவிலும் எத்தனை விழுக்காடு கழிக்கப்பட்டது என்று ஓர் அட்டவணை. எல்லா டிஷ்களும் 30 விழுக்காடு இழந்திருக்க, ஒன்று மட்டும் 90 இழந்திருந்தால் அந்த டிஷ்ஷில் அன்று ஏதோ பழுது. வேலைக்கு முப்பது நாற்பது வரிப் பைத்தான் போதும்.

முதலில் வார்ப்பு. அது ஓர் எளிய எழுத்துக் கோப்பிலிருந்து பிறக்கிறது. இந்த உபுண்டுப் பதிப்பிலிருந்து தொடங்கு, இந்தப் பதிப்புப் பைத்தானையும் காஸாகோருக்கான பைத்தான் இணைப்பையும் நிறுவு, என் நிரலை இந்த இடத்தில் வை. வரிசைக்கும் ஒரு பொருள் உண்டு: அடிக்கடி மாறும் நம் நிரலைக் கடைசியில் வைத்தால், திருத்தும்போதெல்லாம் மேலடுக்கு மட்டும் புதிதாகக் கட்டப்படும், கீழே உள்ள கனமான அடுக்குகள் அப்படியே நிற்கும்.

அடுத்து கேப். நிரலின் பெயர், வார்ப்பின் பெயரும் பதிப்பும், பிறகு உள்ளீடுகள். பதிவேடு என்று ஒன்று, வகை இணையளவுக் கோப்பு, கட்டாயம். எச்சரிக்கை எல்லை என்று ஒன்று, வகை எண், சொல்லாவிட்டால் 80. வெளியீடு ஓர் அட்டவணைக் கோப்பு. இந்தப் பத்துப் பதினைந்து வரிகளிலிருந்தே ஸ்டிமேலா உள்ளீட்டைச் சரிபார்க்கவும், உதவிக்குறிப்பைத் தயாரிக்கவும், எந்தக் கோப்புறையைக் கொள்கலனுக்குள் காட்ட வேண்டும் என்று முடிவு செய்யவும் கற்றுக்கொள்கிறது. இவ்வளவும் அதிகம் என்று தோன்றினால், வார்ப்பே கட்டாமல் ஒரு பைத்தான் செயற்கூறை நேரடியாகக் கேப்பாக எழுதவும் வழி உண்டு. ஆனால் பிறருக்குக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் வார்ப்போடு கொடுப்பதே நேர்மை.

சோதிக்க மறுபடியும் விடை தெரிந்த கணக்குத்தான். முன்பு உருவாக்கிய போலிப் பதிவேட்டில் 17-ஆம் டிஷ்ஷின் தரவை மட்டும் முழுவதும் கழித்துவைத்துவிட்டு நமது கேப்பை ஓட்டுங்கள். 17-க்கு நேரே 100 வர வேண்டும். மற்ற 63 டிஷ்களுக்கு எதிரே பூச்சியம் வரும் என்று எதிர்பார்ப்பீர்கள்; வராது. ஒவ்வொரு டிஷ்ஷும் மற்ற 63 டிஷ்களோடு இணை சேர்கிறது, அதில் ஒரு துணை 17. ஆகவே 63-இல் ஒரு பங்கு, சுமார் 1.6 விழுக்காடு, எல்லா வரிசையிலும் தெரிய வேண்டும். பூச்சியம் வந்தால் பிழை நம் நிரலில்.

1.6 வந்துவிட்டதா? போலி வானத்துக்கான முதல் இரண்டு படிகள் இல்லாத, உண்மைத் தரவுக்குரிய செய்முறை ஒன்றில் கேப்பைக் களையெடுப்புக்கும் படமாக்கலுக்கும் நடுவே செருகி, மீர்கேட் காப்பகத்திலிருந்து இறக்கிய உண்மைத் தரவில் ஓட்டலாம். மடிக்கணினி போதாமல் மீக்கணினிக்குப் போக நேர்ந்தால், எங்கே ஓட்டுவது என்று சொல்லும் சில வரிகள் மாறும். செய்முறையின் படிகளும் அவற்றுக்கு நடுவே நமது படியும் அப்படியே இருக்கும்.